பாட்டா படம் எந்த குரூப்பில் இருக்கிறது? குடும்ப வரலாறு தேடும் நாஞ்சில் நாட்டினருக்கு எந்தச் சமூக வலைதளம் சரி?

குடும்ப வாட்ஸ்அப் குரூப் இல்லாத வீடு இன்று அரிது. காலையில் ரோஜாப்பூ வணக்கம், மதியம் யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு, மாலையில் பிறந்தநாள் வாழ்த்து. இவற்றுக்கு நடுவே திடீரென்று ஒருநாள், செல்லரித்த ஓரங்களோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்து விழும். ஓட்டு வீட்டு முற்றத்தில் 20 பேர் வரிசையாக நிற்பார்கள். குரூப் சட்டென்று விழித்துக்கொள்ளும்.

"தூணுக்குப் பக்கத்துல நிக்குறது ஆரு?"

"அது பெரிய பாட்டாவுக்க தங்கச்சில்லா மக்கா. கொல்லத்துக்குக் கட்டிக் குடுத்தது."

ஒரு மணி நேரத்துக்கு மெசேஜ்கள் பறக்கும். பெயர்கள் வரும், ஊர்கள் வரும், யார் யாருக்கு என்ன முறை என்ற சண்டைகூட வரும். மறுநாள் மறுபடியும் ரோஜாப்பூ. ஒரு வருடம் கழித்துப் பேத்தி ஒருத்தி அந்தப் படத்தைக் கேட்டால், 'யாரிடமாவது இருக்கும்' என்று எல்லோரும் சொல்வார்கள். தேடினால் யாரிடமும் இருக்காது. முகங்களுக்குப் பெயர் சொன்ன பெரியம்மையும் அதற்குள் காலமாகியிருப்பார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுப் பெயர் சொல்லி உறவு தேடுவது புதிய பழக்கம் அல்ல. முன்பு கல்யாணப் பந்தியிலும் கோயில் கொடையிலும் நடந்த அந்த விசாரிப்பு, இப்போது போனுக்குள் வந்துவிட்டது. தேட ஆள் இருக்கிறார்கள், சொல்ல ஆள் இருக்கிறார்கள். எதை எந்தத் தளத்தில் செய்வது என்ற தெளிவுதான் பெரும்பாலான குடும்பங்களில் இல்லை.

ஒரு வீட்டின் ஓலை, ஒரு நாட்டின் வரலாறு

குடும்பக் காகிதங்களுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நாஞ்சில் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த ஓலைச்சுவடிகள் அவை. அவற்றின் அருமையை அறிந்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா.பெருமாள் அவற்றை 'முதலியார் ஓலைகள்' என்ற பெயரில் நூலாக்கினார். நிலம், வரி, கடன், அடிமை முறை என்று பழைய நாஞ்சில் நாட்டின் வாழ்க்கையை அறிய இன்று ஆய்வாளர்கள் நாடும் சான்றுகளில் அந்த ஓலைகளும் அடக்கம்.

யாரோ ஒருவர் அவற்றைப் பழைய குப்பை என்று அடுப்பில் போட்டிருந்தால், அந்தக் குடும்பத்தின் கதையோடு சேர்த்து ஒரு வட்டாரத்தின் கதையும் சாம்பலாகியிருக்கும்.

எல்லா வீட்டிலும் ஓலை இருக்காது. சொந்த நிலமே இல்லாதிருந்த குடும்பங்களுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதையும், ஒன்றிரண்டு படங்களும், கல்லறைக் கல்லில் வெட்டிய பெயரும்தான் சொத்து. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் ஓலைச்சுவடிக்குச் சமம்.

இங்கே வேர் தேடுவது கொஞ்சம் வேறு

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் குடும்ப வரலாறு தேடுவதற்கும், குமரி மாவட்டத்தில் தேடுவதற்கும் வேறுபாடு உண்டு. தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் புரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, மொழி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, இணைந்தன. அதற்கு முன் இது திருவிதாங்கூர். அதனால் தாத்தா காலத்துப் பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்களைத் தேடுபவர்கள் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஆண்டுக்கணக்கு. பத்திரத்தில் '1101' என்று இருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆவணி மாதம், அதாவது மலையாளத்துச் சிங்கம் பிறக்கும்போது அந்த ஆண்டு தொடங்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியாக இருந்தால் 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. ஆக, கொல்லம் 1101 என்பது 1925-26.

மூன்றாவது, வம்ச வழி. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி இருந்தது. சொத்து தாய் வழியில் போகும். ஒருவரின் வாரிசு அவர் பிள்ளை அல்ல, சகோதரியின் பிள்ளை. அந்த முறையில் மனைவியும் மக்களும் பட்ட பாட்டைத்தான் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நையாண்டிக் காவியமாக எழுதினார். கொல்லம் 1101-ல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றியது. ஆகவே, அந்தக் காலத்துக்கு முந்தைய உறவைத் தேடுபவர், அப்பா, அப்பாவின் அப்பா என்று மட்டும் ஏறிப் போனால் பாதியில் நின்றுவிடுவார். அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய சகோதரன் என்றும் ஏற வேண்டும். பாகப்பத்திரம் கையில் கிடைத்தால் பொக்கிஷம். பங்குதாரர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும்.

நான்காவது, ஆவணம் இருக்கும் இடம். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் வழிவந்த சபைகள், கடற்கரையின் கத்தோலிக்கப் பங்குகள் ஆகியவற்றில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் வைக்கும் வழக்கம் உண்டு. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு உதவும். குலதெய்வக் கோயில் வரிக்கணக்கு நோட்டு, சில இந்துக் குடும்பங்களுக்கு வம்சப் பட்டியல் போலவே பயன்படும்.

ஆக, இங்கே தேடுபவருக்கு உறவினர் மட்டும் போதாது. பழைய மலையாளம் படிப்பவர், ஊர் வரலாறு தெரிந்தவர், சர்ச் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் என்று முன்பின் தெரியாதவர்களின் உதவியும் தேவை. தளத் தேர்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

களம் வேறு, பத்தாயம் வேறு

நெல் விளையும் நாட்டுக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கதிர் அடிப்பது களத்தில். நெல்லைச் சேர்த்து வைப்பது பத்தாயத்தில். அடித்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் யாரும் இல்லை. ஆனால், குடும்ப வரலாற்றில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு குடும்ப வரலாற்றுக் குழுவுக்கு 3 வேலைகள் இருக்கின்றன. ஒன்று, உறவினர்களோடு பேசுவது. இரண்டு, தெரியாதவர்களைத் தேடிப் பிடிப்பது. மூன்று, கிடைத்ததைச் சேமிப்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் ஒரே தளம் இன்றுவரை இல்லை. எது எதற்குப் பொருந்தும் என்று பார்க்கலாம்.

வாட்ஸ்அப்: பேசச் சிறந்த இடம்

80 வயதுப் பெரியவரையும் 18 வயதுப் பேரனையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்தான். டைப் செய்யத் தெரியாத பெரியவர்கள் மைக் பட்டனை அழுத்திப் பேசிவிடுவார்கள். வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்கும் இது வசதி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருந்தாலும், மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போய்ச் சேரும். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பதால் பெரிய குடும்பத்துக்கும் இடம் போதும்.

குறைகளும் உண்டு. புதிதாகச் சேர்பவருக்குக் குரூப்பின் பழைய உரையாடல் முழுவதும் கிடைக்காது. 3 வருடம் முன்பு பேசித் தீர்த்த கேள்வியையே மறுபடியும் கேட்பார். போன் தொலைந்து, பேக்கப்பும் இல்லையென்றால் படங்கள் போயே போய்விடும். சாதாரணமாக அனுப்பும் படத்தின் தரம் குறைந்துவிடும். குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய போன் நம்பரும் தெரியும்.

இவற்றுக்குச் சில கைவைத்தியங்கள் இருக்கின்றன. பழைய படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது. மெசேஜ்கள் தானாக மறையும் வசதி வரலாற்றுக் குரூப்பில் அணைத்தே இருக்க வேண்டும். குட் மார்னிங் குரூப்பையும் வரலாற்றுக் குரூப்பையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் 'எக்ஸ்போர்ட் சாட்' வசதி மூலம் உரையாடலைக் கோப்பாக எடுத்துச் சேமித்துவிட வேண்டும். படம், ஆடியோவோடு எடுத்தால் அண்மையில் வந்த மெசேஜ்களில் ஓரளவுதான் கோப்பில் வரும். ஆகவே, வருடத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போட்டால் பழையது விடுபட்டுப் போகும்.

ஃபேஸ்புக்: தெரியாத சொந்தத்தைத் தேட

'1940-களில் இரணியலில் இருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன குடும்பம், வீட்டுப் பெயர் இது, யாருக்காவது தெரியுமா?' இப்படி ஒரு கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டால் அந்த 100 பேரைத் தாண்டாது. ஃபேஸ்புக்கின் ஊர் வரலாற்றுக் குழு ஒன்றில் கேட்டால் திருவனந்தபுரம், மும்பை, கொழும்பு, கோலாலம்பூர் என்று எங்கிருந்தாவது ஒரு பதில் வர வாய்ப்பு இருக்கிறது. புரியாத மலையாளப் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் முகம் தெரியாத ஒருவரும் அங்கேதான் கிடைப்பார்.

ஒரு பதிவின் கீழேயே அதற்கான பதில்கள் எல்லாம் சேர்ந்து நிற்பதும், குழுவுக்குள் சொல்லை இட்டுத் தேட முடிவதும் ஃபேஸ்புக்கின் பலம். 2 வருடம் முன்பு போட்ட படத்தின் கீழே இன்றும் ஒருவர் வந்து பெயர் சொல்லலாம்.

தேடலில் அகப்பட வேண்டுமென்றால் எழுதும் முறையில் ஒழுங்கு வேண்டும். நாகர்கோவில் என்று ஒருவரும் நாகர்கோயில் என்று இன்னொருவரும் எழுதினால் இரண்டும் வேறு வேறாகத்தான் கிடைக்கும். பழைய ஆங்கில ஆவணங்களில் இரணியல், குளச்சல் போன்ற ஊர்ப் பெயர்கள் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வீட்டுப் பெயர், ஊர், ஏறத்தாழ ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரே எழுத்துமுறையில் போட வேண்டும், ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்று அட்மின் விதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பொதுக் குழுவில் போடும் பதிவை உலகமே பார்க்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கேள்வியைப் பொதுக் குழுவில் கேட்கலாம். பதிலாக வரும் குடும்ப விவரங்களைத் தனிக் குழுவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இளைய தலைமுறையில் ஃபேஸ்புக் பக்கமே வராதவர்கள் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டெலிகிராம், யூடியூப், இன்ஸ்டாகிராம்

வாட்ஸ்அப்பில் இல்லாத ஒரு வசதி டெலிகிராமில் உண்டு. அட்மின் அனுமதித்தால், இன்று சேர்பவரும் முதல் நாள் மெசேஜிலிருந்து படிக்கலாம். 2 ஜிபி வரையிலான கோப்புகளை அனுப்பலாம். ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். ஊர்ப் பெயரையோ வீட்டுப் பெயரையோ ஹேஷ்டேக்காகப் போட்டு வந்தால், அதைத் தொட்டவுடன் தொடர்புடைய மெசேஜ்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தேடலில் ஆர்வமுள்ள 10, 15 பேர் கொண்ட ஆய்வுக் குழுவுக்கு இது பொருத்தம்.

ஆனால், பெரியவர்களை இன்னொரு செயலிக்கு இழுத்து வருவது பெரும்பாடு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற முழு மறையாக்கம் இருக்கிறது. டெலிகிராமின் குழு உரையாடல்களில் அது இல்லை.

பெரியவர்களின் பேட்டியை வீடியோவாக எடுத்தால் யூடியூப் நல்ல இடம். 'அன்லிஸ்டட்' என்று போட்டால் லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். ஃபேஸ்புக்கில் நேரலை செய்து அங்கேயே விட்டுவிடுவது ஆபத்து. 2025 பிப்ரவரியிலிருந்து நேரலை வீடியோக்கள் 30 நாள்கள் மட்டுமே இருக்கும் என்று அந்நிறுவனம் விதியை மாற்றிவிட்டது. இன்ஸ்டாகிராம், இளையவர்களை இந்தப் பக்கம் இழுக்க உதவும். ஒரு பழைய படம், கீழே 4 வரிக் கதை என்று போட்டால் 'இது யாரு?' என்ற கேள்வி தானாக வரும். சேமிப்புக்கு அது ஏற்ற இடம் அல்ல.

வம்ச மரத் தளங்கள்

குடும்பக் கிளைகளை மரமாக வரைந்து வைக்கவே தனித் தளங்கள் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் முற்றிலும் இலவசம். அமெரிக்காவின் மார்மன் சபை தன் சமய நம்பிக்கையோடு இணைத்து நடத்தும் பணி அது என்பதை அறிந்துகொண்டு நுழைவது நல்லது. ஹரித்வார் போன்ற தலங்களின் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்ரீகர் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேர்த்திருப்பதும் இத்தளம்தான். விக்கிட்ரீயும் இலவசம். இந்த இரண்டிலும் உலகம் முழுவதற்கும் ஒரே மரம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை இன்னொருவர் திருத்தவும் முடியும். மைஹெரிடேஜ் தளத்தில் குடும்பத்துக்கென்று தனி மரம் வளர்க்கலாம்; இலவசக் கணக்கில் 250 பேர் வரைதான் சேர்க்க முடியும்.

இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு 'கிராம்ப்ஸ்' என்ற இலவச மென்பொருள் உண்டு. கம்ப்யூட்டரில் நிறுவி, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: 'ஜெட்காம்' வடிவில் கோப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? வம்ச மர மென்பொருள்கள் பொதுவாகப் புரிந்துகொள்ளும் வடிவம் அது. அந்தக் கோப்பு கையில் இருந்தால், நாளை தளத்தை மாற்றினாலும் 400 பெயர்களை முதலிலிருந்து டைப் செய்ய வேண்டியதில்லை.

மருமக்கள் வழி உறவுகளை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். மரத்தில் அப்பா, அம்மா, பிள்ளை என்ற கோடுகள்தான் இருக்கும். தாய் வீட்டுக் காரணவர், அவருக்கு வாரிசான மருமகன் என்ற கோடு இருக்காது. அதற்கு ஒவ்வொருவரின் குறிப்புப் பகுதியிலும் தாய் வழி வீட்டுப் பெயரையும், சொத்து யார் வழியாக வந்தது என்பதையும் தனியாக எழுதிவைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயரை மட்டும் எழுதாமல், பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மரத்தில் பாதிக் கிளைகள் மொட்டையாக நிற்கும்.

தளமும் ஒருநாள் மூடும்

ஆர்குட் நினைவிருக்கிறதா? இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த அந்தத் தளத்தை 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் மூடியது. கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் போனது. உலகெங்கும் குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் பலர் பயன்படுத்திய யாஹூ குரூப்ஸ், அதுவரை சேர்ந்த கோப்புகளையும் படங்களையும் 2019 டிசம்பரில் நீக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டு டிசம்பரில் முழுவதும் மூடப்பட்டது. டிக்டாக் இன்னும் வேகம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, சில நாள்களில் இந்தியர்களின் கணக்குகள் எல்லாம் எட்டாமல் போயின.

தளம் மூடாவிட்டாலும் கணக்கு மூடலாம். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் இருக்கும் படங்களோடு நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. குடும்பப் படங்கள் முழுவதையும் தன் கூகுள் டிரைவில் சேர்த்து வைத்திருந்த மாமா காலமாகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட காலம் கணக்கு செயல்படாவிட்டால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பெயர் கொடுத்துவைக்கும் வசதி கூகுளில் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் 'லெகசி கான்டாக்ட்' என்ற பெயரில் நினைவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். இரண்டுக்கும் சில நிமிடங்கள் போதும்.

வீட்டுப் பெட்டியில் மட்டும் வைப்பதும் பாதுகாப்பு அல்ல என்பதைக் குமரிக் கடற்கரை நன்கு அறியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பகுதிகளில் உயிர்களும் வீடுகளும் போயின. வீட்டோடு போன பொருள்களில், இறந்துபோனவர்களின் முகத்தைக் காட்டும் படங்களும் உண்டு. ஒரு படம் இரண்டு ஊர்களில் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் எளிய கணக்கு 3-2-1. மொத்தம் 3 பிரதிகள். 2 வெவ்வேறு வகைச் சேமிப்புகளில். அவற்றில் 1 வெளியூரில். ஒரு பிரதி வீட்டு ஹார்டு டிஸ்க்கில், ஒன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில், ஒன்று வெளியூர் உறவினரிடம் பென் டிரைவில். கூகுளில் 15 ஜிபி வரை இலவசம்; ஒரு குடும்பத்தின் பழைய படங்களுக்குத் தொடக்கத்தில் அது தாராளம். முக்கியமான 50 படங்களையாவது நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதிவைப்பது இன்றும் சிறந்த பேக்கப்.

உயிரோடு இருப்பவர்களின் விவரம், கவனம்!

குடும்ப வரலாற்றுக் குழுவின் பெரிய ஆபத்து பழங்கதையில் இல்லை. இன்றைய விவரங்களில் இருக்கிறது. முழுப் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், போன் நம்பர் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைத்தால் மோசடிக்காரருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம். கணக்கின் பாதுகாப்புக் கேள்விகளில் 'அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன?' என்பது பழைய கேள்வி. 'நான் உன் பெரியப்பா பேரன்' என்று சொல்லிப் பணம் கேட்பவருக்கும் வம்ச மரம் வசதியாகிவிடும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. மைஹெரிடேஜ் தளத்தின் 9.2 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களின் இமெயில் விவரங்கள் கசிந்தது 2018-ல் தெரியவந்தது. மரபணுப் பரிசோதனை மூலம் உறவுகளைக் கண்டறிந்து சொல்லும் '23அண்ட்மீ' நிறுவனத்தில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது.

அதனால் குழு தொடங்கும் நாளிலேயே விதிகளை எழுதி, மேலே பின் செய்துவிடுவது நல்லது.

* உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, ஆதார், போன் நம்பர் பதிவில் வேண்டாம்.
* குழந்தைகள், இளம்பெண்களின் படங்களைச் சம்பந்தப்பட்டவர் அனுமதியின்றிப் போட வேண்டாம்.
* சொத்து வழக்கு, பாகத் தகராறு பற்றிய பேச்சுக்கு இங்கே இடமில்லை.
* தத்து, இரண்டாம் திருமணம், பிரிவு போன்றவற்றைச் சம்பந்தப்பட்ட வீட்டார் சொன்னால் மட்டுமே எழுத வேண்டும்.
* சாதிப் பெருமையோ இழிவோ பேசும் பதிவு உடனே நீக்கப்படும்.
* 'கேள்விப்பட்டது', 'ஆவணத்தில் பார்த்தது' இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

ஐந்தாவது விதி இந்த மாவட்டத்தில் மிக அவசியம். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. ஒரு குடும்பம் பெருமையாகச் சொல்லும் பழங்கதையில், பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் வலி இருக்கலாம். நேர்மையான வரலாறு இரண்டையும் தாங்க வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு எது?

*50 பேருக்குள் இருக்கும் சிறிய குடும்பம்:* பேச ஒரு வாட்ஸ்அப் குரூப், சேமிக்க ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டர். இது போதும். வீட்டுப் பெயர், ஆண்டு, படத்தில் இருப்பவர்கள் என்ற வரிசையில் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வைத்தால் எப்போதும் தேடி எடுக்கலாம்.

*பல ஊர்களில் கிளைவிட்ட பெரிய குடும்பம்:* கிளைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். எல்லாக் கிளைக்கும் பொதுவாக ஒரு மறைவான ஃபேஸ்புக் குழு. வம்ச மரத்துக்கு ஒரு தளம், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர்.

*ஊர் வரலாற்றையே தேடும் குழு:* கேள்வி கேட்கப் பொது ஃபேஸ்புக் குழு, ஆய்வுக்கு டெலிகிராம், பேட்டிகளுக்கு யூடியூப். இத்தனைக்கும் சேர்த்து ஒரு சேமிப்பு இடம்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: குறைந்தது 2 அட்மின்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெவ்வேறு தலைமுறையினராக இருந்தால் நல்லது. மூத்தவருக்கு உறவு தெரியும், இளையவருக்குத் தொழில்நுட்பம் தெரியும். ஒருவர் இல்லாமல் போனாலும் குழு அநாதையாகாது.

எந்தத் தளம் என்று யோசித்துக்கொண்டே சேகரிப்பைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. தளத்தை அடுத்த மாதம்கூட மாற்றிக்கொள்ளலாம். 85 வயது ஆச்சியின் நினைவு அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கோயில் கொடைக்கோ, சபைத் திருவிழாவுக்கோ, பங்குனி உத்திரத்துக்கோ ஊருக்குப் போகும்போது, வீட்டின் மூத்தவர் பக்கத்தில் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். பழைய ஆல்பத்தை அவர் மடியில் வையுங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, முதல் படத்தைக் காட்டி, 'இது ஆரு?' என்று மட்டும் கேளுங்கள்.